ஏழாவது மாடியில் ஒரு டூரிங் கொட்டகை

வாங்கிப்புட்டியா அப்பு? ரொம்பச் சரி. வாங்கத்தான் வேணும். புனே ஹடப்சர்ல வீடு வாங்கி இருபது வருசத்துக்குத் தவணை எழுதிக் குடுத்தவன், வெறுஞ் சுவத்தைப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்க முடியும்? 55 இஞ்சு டிவி, அஞ்சு ஸ்பீக்கரு, ஒரு உஃபரு. வந்த அட்டைப்பெட்டியிலயே ஒரு ஆளு குடித்தனம் பண்ணலாம். தெருவுல எறங்கினா சீசன்ஸ் மாலும் அமனோரா மாலும் எதிரும் புதிருமா நிக்கிது, ரெண்டுலயும் படம் ஓடுது. ஆனாலும் வீட்டுக்குள்ள ஒரு கொட்டகை வேணும்னு நெனச்ச பாரு, அந்தத் தாராள மனசு நம்ம வம்சத்துல வேற யாருக்கும் வந்ததில்ல.

நான் குத்தஞ்சொல்ல வரல. பரமக்குடிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரின்னு ஒண்ணு விடாம மைக் செட்டுக் கட்டினவன் நான். புளியமரத்து உச்சியில குழாய் ஸ்பீக்கரை ஏத்தி, விடியக்காலையில ஊரையே எழுப்பிவிட்டவன். ஒன் உஃபரைப் பாத்து நான் கோவிச்சுக்கிட்டா அந்தப் புளியமரமே சிரிக்கும். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுக்குச் சொல்ற யோசனைன்னு வச்சுக்க. கேக்கப் பிடிக்கலையா, ரிமோட்டுல மியூட்டு இருக்கு. என் பக்கம் காட்டி அமுக்கு.

மொதல்ல ஒசரத்துக்கு வருவோம். மாட்ட வந்த பையன் நெட்டைப்பயல். அவன் கை எங்க எட்டுச்சோ அங்க ஓட்டையைப் போட்டு, சாமி மாடத்துக்கும் மேல டிவியைத் தொங்கவிட்டுப் போயிட்டான். நீயும் "சூப்பரா இருக்கு"ன்னு சொல்லி அவன் கையில அம்பது ரூவாயையும் வச்ச. கோபுரத்தை அண்ணாந்து பாத்தா புண்ணியம் அப்பு. டிவியை அண்ணாந்து பாத்தா தைலச் செலவுதான். சோபாவுல சாஞ்சு உக்காந்தா ஒன் கண்ணு தரையிலருந்து மூணு, மூணரை அடியில இருக்கும். திரையோட நடுமட்டம் அதுக்குக் கிட்டக்க வரணும். இப்ப இருக்குற மட்டத்துக்கு நீ நின்னுக்கிட்டுத்தான் படம் பாக்கணும். பீரோவுக்குப் பக்கத்துல நின்னா இன்னும் தோதா இருக்கும்.

அடுத்தாப்புல இஞ்சு டேப்பை எடு. கடையில போன் வச்சு, கால்குலேட்டர் வச்சு, தள்ளுபடி, கார்டு கழிவு எல்லாம் கணக்குப் பாத்த. ஒரே ஒரு கணக்குக்குத்தான் டேப்பு வேணும், திரைக்கும் சோபாவுக்கும் எம்புட்டுத் தூரம்னு, அதை மட்டும் பாக்கல.

அது ஏன்னு வெளங்க, திரையில இருக்குற புள்ளிக் கணக்கைச் சொல்றேன். புள்ளியைப் பத்தி எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுறாத. நாங்க பாக்காத புள்ளியா? மெட்ராஸ்ல 1975 ஆகஸ்ட் 15-ல டிவி நிலையம் வந்துருச்சு, ஆனா எங்க பக்கத்துக்கு அது எட்டல. 1982-ல கொழும்புல ரூபவாஹினி ஆரம்பிச்சாக. கடலுக்கு அந்தப் பக்கம்தான, எங்களுக்கு அதுதான் கிட்டக்க. இரும்புக் குழாயைப் பனை ஒசரத்துக்கு நட்டு, உச்சியில ஆன்டனாவைக் கட்டி, பூஸ்டர் வச்சு சிலோன் டிவி பாத்தோம். ஒருத்தன் குழாயைப் பிடிச்சுத் திருப்புவான், இன்னொருத்தன் உள்ளருந்து "வருது, வருது... போச்சு"ன்னு கத்துவான். திரை பூராம் வெள்ளைப் புள்ளி. நடுவுல ஒரு உருவம் அசையும். அவரு செய்தி வாசிக்கிறாரா, கிரிக்கெட்டு ஆடுறாரான்னு நாங்க ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள நிகழ்ச்சியே முடிஞ்சுரும். ஆனா சோறு தண்ணி இல்லாமப் பாத்தோம்.

ஒன் டிவியிலயும் புள்ளிதான், என்ன, எண்ணி அடுக்குன புள்ளி. ஹெச்.டி.ன்னா குறுக்க 1,920, நெடுக்க 1,080. பெருக்கினா 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. 4கே-ன்னா ரெண்டு பக்கமும் ரெட்டிப்பு, ஆக நாலு மடங்கு: 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. கடைக்காரரு இந்த எண்ணைச் சொன்னப்ப ஒன் மொகம் மலந்துச்சே, நான் ஒன்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டின நாள்ல பாத்த அதே சிரிப்பு.

இப்ப கண்ணு. நல்ல பார்வை உள்ளவனுக்கே ஒரு பாகையில அறுபதுல ஒரு பங்குக்குக் கீழ போனா ரெண்டு புள்ளி ஒண்ணாத்தான் தெரியும். 55 இஞ்சுத் திரையோட அகலம் நாலடி. அந்த நாலடியில 1,920 புள்ளியை அடுக்கினா, ஏழடி தள்ளி உக்காந்த ஆளுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியிறது நின்னு போகும். அதுலயே 4கே புள்ளி தனியாத் தெரியணும்னா நாலடிக்குள்ள மொகத்தைக் கொண்டு போகணும். ஒன் சோபா எங்க கெடக்கு? பத்தடி தள்ளி, பால்கனிக் கதவை ஒட்டி. 62 லட்சம் புள்ளியைக் கூடுதலா விலைக்கு வாங்கி, அம்புட்டையும் கண்ணுல படாத தூரத்துல வச்சுக் காப்பாத்துற. கர்ணன் கூட வந்து கேட்டவகளுக்குத்தான் தானம் பண்ணினான்.

ஒரு நியாயத்தையும் சொல்லிப்புடுறேன், பெறகு கெழவன் ஒருதலையாப் பேசுறான்னு சொல்லக் கூடாது. புது டிவி நல்லா இருக்குறது புள்ளி கூடினதால மட்டும் இல்ல. ஹெச்.டி.ஆர்.னு எழுதியிருக்கே, இருட்டுல இருக்குறது இருட்டாவும், வெளக்குல இருக்குறது வெளக்காவும் தெரியிறது அதனாலதான். அது பத்தடியிலயும் தெரியும், பதினஞ்சடியிலயும் தெரியும். கண்புரை எடுத்த என் கண்ணுக்கே தெரியுதுன்னா பாத்துக்க. டிவி வாங்குறவக இஞ்சையும் கே-யையும் விட்டுட்டு, கடையில வெளக்கை அணைக்கச் சொல்லி ஒரு ராத்திரிக் காட்சியைப் போட்டுப் பாத்தா, பாதி ஏமாத்து அங்கயே தெரிஞ்சு போகும். எந்தக் கடைக்காரன் வெளக்கை அணைப்பான்கிறது வேற விசயம்.

சரி, வீட்டுக்கு வந்த டிவியில நீ என்னத்தைப் பாக்குற? பழைய செட் டாப் பாக்ஸு, மஞ்சள் செவப்பு வெள்ளைன்னு மூணு வாலு வச்ச பழைய ஒயரு. காவேரி வீட்டு வாசலுக்கு வந்தாச்சு, நீ கொட்டாங்குச்சியை வச்சுப் பிடிக்கிற. அந்த ஒயருல ஹெச்.டி. வராது அப்பு. அந்தப் பெட்டியும் அனுப்பாது. பழைய தரத்துப் படத்துல 576 வரிதான். அதை இழுத்துப் பிடிச்சு 55 இஞ்சுல ஒட்டினா, செய்தி வாசிக்கிற பொண்ணு மூஞ்சி கரைஞ்சு ஓடுது. ஒன் பொஞ்சாதி "பழைய டிவியே தேவலை"ன்னு சொன்னா, நீ அவளை மொறைக்கிற. அவ சொன்னது சரிதான். 2010-ல டெல்லியில காமன்வெல்த் போட்டி நடந்தப்பவே தூர்தர்ஷன் ஹெச்.டி.யில ஒளிபரப்பிட்டாக. அதுக்கு அடுத்த வருசம் சன் டிவிக்காரவுகளும் வந்துட்டாக. நீ இன்னும் மூணு வாலைப் பிடிச்சுத் தொங்குற. ஹெச்.டி. பெட்டி ஒண்ணு வாங்கு, ஒரு ஹெச்.டி.எம்.ஐ. ஒயரு சொருகு. ஒயருக்குத் தங்க முலாம் பூசுனது இருக்குன்னு சொல்வாக. தங்கத்துக்குத் தாலிக்கொடி போதும். அந்த ஒயருக்குள்ள போறது பூராம் ஒண்ணும் சைபரும். நம்ம வீட்டு அஞ்சடி தூரத்துக்கு எந்த ஒயருல போனாலும் அது ஒண்ணும் சைபருமாத்தான் போய்ச் சேரும்.

மாசச் சந்தாவையும் பாத்துக்க. 2019-ல தொலைத்தொடர்பு ஆணையம் டிராய் புதுக் கட்டண முறை கொண்டாந்தப்ப, ஒரு ஹெச்.டி. சேனலை ரெண்டு சாதாச் சேனலாக் கணக்கு வச்சாக. அதனால அத்தனை சேனலையும் ஹெச்.டி.யில கேக்காத. அழுவுற சீரியலுக்குச் சாதாவே போதும். கண்ணீரு துல்லியமாத் தெரிஞ்சா சோறு எறங்காது.

அப்பறம் எம்.ஜி.ஆரை என்ன பண்ணி வச்சிருக்க? ராத்திரி பழைய படம் போட்டாக, பாத்தா வாத்தியாரு குறுக்க வீங்கிக் கெடக்காரு. கத்திச்சண்டையில அந்த இடுப்பை வளைக்கிறப்ப எனக்கே மூச்சு வாங்கிச்சு. அந்தக் காலத்துப் படம் பாதிக்கு மேல சதுரத்துக்குக் கிட்டக்க எடுத்தது, நாலுக்கு மூணு. ஒன் திரை பதினாறுக்கு ஒம்பது. ரெண்டு ஓரமும் கறுப்பா இருந்தா காசு வீணாப் போச்சுன்னு நெனச்சு நீ இழுத்துவிட்டுட்ட. ஓரத்துல கறுப்பு இருந்துட்டுப் போகட்டும் அப்பு. நாயகனுக்குத் தொப்பை போடுறதை விட, திரைக்குக் கரை போடுறது மேல்.

இன்னும் ரெண்டு பொத்தான் இருக்கு, அதையும் ஓசையில்லாம அமுக்கிரு. கடையில வெளிச்சத்துக்கு எடுப்பா தெரியணும்னு 'விவிட்'டுனு ஒண்ணை வச்சிருப்பாக. அதுல புல்லு பச்சையில்ல, பச்சைப் பெயின்ட்டு. மனுசன் தோலு மாம்பழம். 'சினிமா'ன்னோ 'ஃபிலிம் மேக்கர்'னோ இருக்கும், அதுக்கு மாத்து. ரெண்டு நாளைக்கு மங்கலாத் தெரியும், மூணாம் நாளு கண்ணு பழகிரும். இன்னொண்ணு, அசைவை வழவழப்பாக்குறேன்னு டிவியே நடுவுல படத்தைச் செஞ்சு சொருகுறது. படம் நொடிக்கு 24 சட்டம்தான் எடுக்குறாக. மிச்சத்தை டிவி தானாக் கற்பனை பண்ணுது. அதனாலதான் கோடிக் கணக்குல செலவழிச்சு எடுத்த படமும் ஒன் வீட்டுல மத்தியானச் சீரியலாத் தெரியுது. கிரிக்கெட்டுக்கு வேணும்னா வச்சுக்க.

இனி என் பேட்டை, சத்தம். நிதானமாத்தான் பேசுவேன். வேலை இருந்தாப் போயிட்டு வா.

உஃபர் வந்த அட்டையில என்ன எழுதியிருந்துச்சு? 10,000 வாட்டு, பி.எம்.பி.ஓ. நான் மூக்குக் கண்ணாடியைத் தொடைச்சுட்டு ரெண்டாந் தடவை படிச்சேன். நீ அதைச் சொருகியிருக்கிறது சாதாரண ஆறு ஆம்பியர் பிளக்குல. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. ஆறால பெருக்கு: 1,380 வாட்டு. அந்த ஓட்டை வழியா அதுக்கு மேல வராது, வந்தா பிளக்கு கருகும். அப்ப மிச்ச எட்டாயிரத்துச் சொச்சம் வாட்டு எங்கருந்து வருது? அட்டையிலருந்து வருது. பி.எம்.பி.ஓ.ங்கிறது கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள, ஒரு கற்பனைக் கணக்குல எம்புட்டு வரலாம்னு போடுறது. ஆர்.எம்.எஸ்.னு ஒரு எண்ணு பொடி எழுத்துல இருக்கும், அதுதான் நெசம். மைக் செட்டுக்காரன் எவனும் பி.எம்.பி.ஓ.வுக்கு வாடகை வாங்க முடியாது; திருவிழாக் கமிட்டித் தலைவரு செவியைத் திருகிருவாரு.

இன்னொரு கணக்கு. சத்தம் பத்து டெசிபல் கூடணும்னா ஆம்ப்ளிஃபயரு பத்து மடங்கு ஒழைக்கணும். காதுக்கு என்னவோ ரெண்டு மடங்காத்தான் கேக்கும். ஆகையினால நூறு வாட்டுக்காரன் வீட்டை விட ஆயிரம் வாட்டுக்காரன் வீட்டுல சத்தம் ரெட்டிப்பு, கரண்டுச் செலவும் பீத்தலும்தான் பத்து மடங்கு.

சரி, இம்புட்டு வாட்டு இருந்தும் வசனம் ஏன் வெளங்க மாட்டேங்குது? "என்ன சொன்னான், என்ன சொன்னான்"னு ஒன் பொஞ்சாதி கேட்டுக்கிட்டே இருக்கு. நீ சத்தத்தைக் கூட்டுற, அடுத்த நொடி சண்டை வருது, ஜன்னல் ஆடுது, பதறிக் கொறைக்கிற. ஒரு படம் முடியிறதுக்குள்ள ரிமோட்டு வேர்த்துப் போகுது. வீட்டைச் சுத்திப் பாரு. தரை பூராம் வழவழன்னு டைல்ஸு. நாலு பக்கமும் மொட்டைச் சுவரு. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. ஒரு வார்த்தை பேசினா அது நாலு எடத்துல மோதி நாலு தடவை வந்து சேருது.

டூரிங் கொட்டகையில நாங்க எப்படிக் கேட்டோம்னு நெனைக்கிற? ஒரே ஒரு ஸ்பீக்கர் செட்டு. மின்சாரம் நின்னு போனா டீசல் எஞ்சின். ஆனா தரை ஆத்துமணல், கூரை தென்னங்கீத்து, சுத்திலும் தட்டி. மணலும் கீத்தும் சத்தத்தைக் குடிச்சுரும், திருப்பி அடிக்காது. சிவாஜி பேசுன ஒவ்வொரு எழுத்தும் தரை டிக்கெட்டுக் கடைசி ஆளு வரைக்கும் வந்துச்சு. ஒன் வீட்டுல ஆத்துமணல் கொட்டச் சொல்லல, சொசைட்டி செக்ரட்டரி விட மாட்டாரு. ஒரு கனத்த ஜமக்காளத்தை விரி. கண்ணாடிக் கதவுக்குத் தடிச்ச திரைச்சீலை போடு. வெறுஞ் சுவத்துல ஒரு புத்தக அலமாரியை வை. படிக்காட்டியும் பரவாயில்ல, சத்தத்தைக் குடிக்கும். நாலாயிரம் ரூவாச் செலவுல ஆகுற காரியத்தை விட்டுட்டு, நாப்பதாயிரத்துக்கு இன்னொரு ஸ்பீக்கர் பாக்குறியே.

அஞ்சு ஸ்பீக்கரை நீ வச்சிருக்கிற அழகைத்தான் நான் ஊருக்குப் போய்ச் சொல்லணும். எடது பக்கம் ஒண்ணு டிவிக்குப் பக்கத்துல. வலது பக்கம் ஒண்ணு ஃப்ரிட்ஜு மேல. பின்னாடி வைக்க வேண்டியது ரெண்டையும் ஒயரு எட்டலைன்னு முன்னாடியே ஜோடியா நிறுத்திட்ட. நடு ஸ்பீக்கரு அலமாரிக்குள்ள கதவைச் சாத்திக் கெடக்கு. வசனம் முக்கால்வாசி அந்த நடு ஸ்பீக்கருலதான் வருது அப்பு! அதைப் போயி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினா, நாயகி என்ன பேசினாள்னு சேலைக்குத்தான் தெரியும். டிவிக்கு நேர் கீழ, மூஞ்சி ஒன்னைப் பாக்க அதை வை. முன்னாடி எடது வலது ரெண்டையும், நீ உக்காந்த எடத்துலருந்து நேர்க்கோட்டுக்கு முப்பது முப்பது பாகை தள்ளி, காது மட்டத்துல நிறுத்து. பின்னாடி ரெண்டும் முதுகுக்கு நேராக் கூடாது. காதுக்குக் கொஞ்சம் பின்னால, பக்கவாட்டுல, நூத்திப் பத்துப் பாகைக்கு வரணும். ஒயரு நடுவீட்டுல குறுக்க ஓடினா ஒன் பொஞ்சாதி மாப்பு போடுறப்ப சேத்து இழுத்துரும், சுவத்தோரமா ஓட்டி அடி. இதெல்லாம் முடியாதுன்னா நல்ல சவுண்டு பார் ஒண்ணு போதும். சின்ன வீட்டுக்கு அதுதான் மரியாதை. அஞ்சை வாங்கித் தப்பா வைக்கிறதுக்கு ஒண்ணை வாங்கி நேரா வைக்கலாம்.

டால்பி, டால்பின்னு சொல்றியே, அந்த ரே டால்பி ஆரு தெரியுமா? அமெரிக்காக்காரரு. 1963-லருந்து ரெண்டு வருசம் யுனெஸ்கோ ஆலோசகரா நம்ம நாட்டுல, சண்டிகர்ல இருந்திருக்காரு. இங்கருந்து போயி 1965-ல லண்டன்ல கம்பெனியை ஆரம்பிச்சாரு. அவரு மொதல்ல செஞ்சது சத்தத்தைக் கூட்டுற சாமான் இல்லப்பா. டேப்புல 'உஸ்ஸு'ன்னு ஒரு எரைச்சல் வருமே, அதை அடக்குற சாமான். தேவையில்லாத சத்தத்தைக் கொறைச்சுப் பேரெடுத்தவரோட பேரை ஒட்டிவச்சுக்கிட்டு, நீ ஏழு மாடியை ஆட்டுற.

அம்புட்டுத் தூரம் ஏன் போற, நீ இருக்குறது புனே. லா காலேஜ் ரோட்டுல பழைய பிரபாத் ஸ்டூடியோ எடத்துல 1960-ல தொடங்கின சினிமாப் பள்ளிக்கூடம் இருக்கு. கொல்லத்துக்காரரு ரசூல் பூக்குட்டி அங்கதான் சத்தம் படிச்சாரு. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு 2009-ல ஒலிக் கலவைக்கு ஆஸ்கர் வாங்கினாரு. நம்ம பக்கம் 'குருதிப்புனல்' 1995-லயே டால்பி ஸ்டீரியோவுல வந்துச்சு. ஒரு செருப்புச் சத்தம் எந்தப் பக்கத்துலருந்து வரணும்னு அவுக நாள்கணக்கா மண்டையை ஒடைச்சு வைக்கிறாக. ஒன் வீட்டுல அந்தச் செருப்பு ஃப்ரிட்ஜு மேல நடக்குது.

இப்ப உஃபருக்கு வருவோம். நீ அதை மூலையில தள்ளி, தரையில அப்படியே உக்கார வச்சிருக்க. மூலையில வச்சா ரெண்டு சுவரும் தரையும் சேந்து அதைத் தூக்கிவிடும், 'தும் தும்'னு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாக் கேக்கும். தாழ்ந்த சத்தத்தோட அலை நீளம் தெரியுமா? 40 ஹெர்ட்ஸுன்னா ஒரு அலை எட்டரை மீட்டரு, இருபத்தெட்டு அடி. ஒன் ஹாலு நீளமே பதினாறு அடி. அலை ஒன் வீட்டுக்குள்ள அடங்காது அப்பு. சுவரு தாண்டி, சிலாப்பு தாண்டிப் போயிரும். காசு குடுத்தது நீ, கேக்குறது ஆறாவது மாடி.

அந்த ஆறாவது மாடி ஆஜி என்னை லிஃப்டுல பிடிச்சுக்கிட்டாக. ஆஜின்னா மராத்தியில பாட்டி; என்னை அவுக "ஆஜோபா", தாத்தான்னுதான் கூப்பிடுவாக. எனக்கு மராத்தி அரைக்கால், அவுகளுக்கு ஹிந்தி முக்கால், மிச்சத்துக்குக் கை இருக்கு. "ஆஜோபா, ஒங்க வீட்டுல ராத்திரி பதினோரு மணிக்கு மேல சுவரு இடிக்கிறாகளே, ரினோவேஷன் எப்ப முடியும்?"னு கேட்டாக. எனக்கு வந்த சிரிப்பை மூக்குல அடக்கினேன். கணபதிக்கு டோல்-தாஷா மேளம் தெருவையே தூக்கிட்டுப் போறப்ப கைதட்டுறவக அவுக. சத்தத்துக்குப் பயந்தவக இல்ல. எது எப்ப நிக்கும்னு தெரியாத சத்தம்தான் அவுகளுக்கு ஆகல. கூடிய சீக்கிரம் முடிஞ்சுரும்னு வாக்குக் குடுத்துட்டு வந்துருக்கேன், என் வாக்கைக் காப்பாத்து. உஃபரை மூலையிலருந்து எடுத்து முன்சுவத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளி வை. அடியில கெட்டி ரப்பர் மேட்டு போடு. ராத்திரி பத்துக்கு மேல, ரிசீவர்ல 'நைட் மோட்'டுனு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா வெடியைத் தட்டி, வசனத்தைத் தூக்கிக் குடுக்கும். சட்டமும் அதைத்தான் சொல்லுது: 2000-த்துல வந்த ஒலி மாசு விதியில, குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துலருந்து காலை ஆறு வரைக்கும் 45. சினிமாக் கொட்டகையில ஒரு ஸ்பீக்கரோட உச்சம் 105 வரைக்கும் போகும். நூத்தஞ்சுக்கும் நாப்பத்தஞ்சுக்கும் நடுவுல இருக்குறது அறுபது இல்ல, பத்து லட்சம் மடங்கு. ஆஜிக்கும் ஒனக்கும் நடுவுல இருக்குறது ஆறு இஞ்சு சிலாப்பு.

அளவைப் பத்திப் பேசுறப்ப, இந்த மகர்பட்டா டவுன்ஷிப்பு கட்டின கதை ஒனக்குத் தெரியும்தான? இந்த ஹடப்சர் பூராம் கரும்புக் காடும் காய்கறித் தோட்டமுமா இருந்துச்சு. நூத்துக்கும் மேல விவசாயக் குடும்பங்க, சதீஷ் மகரை முன்ன வச்சு, 400 ஏக்கருக்குக் கிட்ட நெலத்தை வித்துப்புட்டுப் போகாம ஒண்ணாச் சேத்து, கம்பெனியில பங்காளியாகி, டவுன்ஷிப்பு கட்டினாக. நெலத்துக்காரன் மண்ணை எப்படி அளக்கணும்னு தெரிஞ்சு அளந்தான். அவன் வாரிசு இன்னைக்கும் வாடகை வாங்குறான். அதே எடத்துல வீடு வாங்கின நீ, பதினாறுக்குப் பத்து ஹாலை அளக்கலயே, பேராண்டி.

அஞ்சு பக்கமும் சத்தம் வேணும்னு ஒனக்கு ஆசை இருந்தா, ஆனி வாக்குல பண்டரிபுரம் போற பல்லக்கு வர்ற அன்னைக்கு ரோட்டுல போய் நில்லு. ஞானேஷ்வரர் பல்லக்கும் துக்காராம் பல்லக்கும் புனேயிலருந்து கெளம்பி, ஹடப்சர்லதான் பிரியுது. ஒண்ணு திவே மலை ஏறி சாஸ்வடுக்கு, இன்னொண்ணு சோலாப்பூர் ரோட்டுல லோணி காள்போருக்கு. ஆயிரக்கணக்கான ஜால்ராவும் பக்வாஜ் மத்தளமும் முன்னாலயும் வரும், பின்னாலயும் வரும், மழை மேலருந்து வரும். ஒரு ஒயரு கெடையாது. அன்னைக்கு நீ என்ன பண்ணின? ஜன்னலைச் சாத்திட்டு, மழையில சிக்னல் போச்சுன்னு டிஷ்ஷைத் திட்டிக்கிட்டிருந்த. பெருமழைக்கு டிஷ்ஷு சிக்னல் போகத்தான் செய்யும், அந்த அலைக்கு மழைத்துளி ஆகாது.

கொட்டகையை வீட்டுக்குக் கொண்டார ஆசை ஒனக்கு மட்டும் இல்ல, அதையும் சொல்லணும். 2013 ஜனவரியில கமல் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முந்தியே டி.டி.ஹெச்.ல ஆயிரம் ரூவாக் கட்டணத்துக்குக் காட்டுறேன்னாரு. தியேட்டர்காரவுக கொந்தளிச்சு, அது நடக்காமப் போச்சு. ஏழு வருசம் கழிச்சு, நோய்க் காலத்துல, 2020 மே மாசம் 'பொன்மகள் வந்தாள்' நேரா ஓடிடிக்கு வந்துச்சு. கொட்டகை பூட்டிக் கெடந்தப்ப வீட்டுல ஒரு நல்ல திரையும் சத்தமும் இருந்தவன் கொஞ்சம் நிம்மதியாத்தான் இருந்தான். அதுக்காகத்தான் சொல்றேன், வாங்கினது தப்பில்ல. வாங்கினதை முழுசா அனுபவி. அட்டையில எழுதின எண்ணை அனுபவிக்காத.

கடைசியா ஒண்ணு. அஞ்சு ஸ்பீக்கரையும் நான் சொன்னபடி வச்சா, எல்லாச் சத்தமும் சரியா வந்து சேருற எடம் இந்த ஹாலுலேயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். திரைக்கு நேரா, ஏழடிக்கு முன்னால இழுத்துப் போட்ட சோபாவோட நடு இருக்கை. அதுக்கு எடது பக்கம் உக்காந்தா எடது ஸ்பீக்கரு கூடக் கேக்கும், வலது பக்கம் உக்காந்தா வலது. தவணை கட்டுறவன் நாந்தான்னு நீ அதுல உக்காரப் பாப்ப. வசனம் வெளங்கலைன்னு சொன்னது நாந்தான்னு ஒன் பொஞ்சாதியும் பாக்கும். புருசன் பொஞ்சாதிக்குள்ள ஒரு இருக்கைக்காகச் சண்டை வரக் கூடாது அப்பு, குடும்பத்துக்கு ஆகாது. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமா உக்காந்துக்கங்க. நடுவுல நான் உக்காந்துக்கிறேன். ரிமோட்டும் என்கிட்டயே இருக்கட்டும், ராத்திரி பத்தடிச்சா ஆஜிக்கு நாந்தான பதில் சொல்லணும்.